மைனஸ் 40-இல் பாய்லர் நின்றுபோனால்

2015 ஏப்ரல் 2 அன்று கனடாவின் பாஃபின் தீவில் பாங்னிர்டுங் என்ற ஊரின் மின் நிலையம் தீப்பிடித்து எரிந்தது. சுமார் 1,500 பேர் வாழும் ஊர். பக்கத்து ஊரிலிருந்து மின்சாரம் வாங்கலாமே என்று நமக்குத் தோன்றும். பக்கத்து ஊருக்குச் சாலையும் கிடையாது, மின்கம்பியும் கிடையாது. ஊரில் அவசரநிலை அறிவித்துவிட்டு, விமானத்தில் ஜெனரேட்டர்கள் வந்து இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.

வெளிச்சம் போனதைவிடப் பெரிய கவலை வேறு. அந்த ஊர் வீடுகளைச் சூடாக்குவது எண்ணெய் அடுப்புதான். டேங்கில் எண்ணெய் இருந்தாலும் அதை எரிக்கும் பர்னருக்குக் கரண்ட் வேண்டும். சூட்டை வீடெங்கும் கொண்டுபோகும் விசிறிக்கும் பம்புக்கும் வேண்டும். கரண்ட் போனால் சில மணி நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும். அப்புறம் தண்ணீர்க் குழாய் உறையும். உறைந்த நீர் விரிந்து குழாயைப் பிளக்கும். சூடு திரும்பி வரும்போதுதான் பிளந்தது தெரியும். வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும்.

இந்த மாதிரி ஊர்களில் பள்ளிக்கூடம், மருத்துவ மையம், குடியிருப்பு ஆகியவற்றின் வெப்பம், காற்றோட்டம், குழாய், எரிபொருள், தீயணைப்பு அமைப்புகளை வடிவமைப்பவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். நம் பக்கம் அந்தப் படிப்பு என்றதும் கார் தொழிற்சாலையும் டர்பைனும்தான் நினைவுக்கு வரும். கட்டடத் துறைக்குப் போனவர் என்றால் ஏசி டக்ட் போடுகிறவர் என்று முடித்துவிடுவோம். ஆனால் வடக்கில் அந்த ஆளின் வரைபடத்தில் ஒரு வால்வு தப்பான இடத்தில் விழுந்தால், ஜனவரியில் ஒரு பள்ளிக்கூடமே மூடிக்கிடக்கும். அந்த வேலையைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். 1999 ஏப்ரல் 1 அன்று கனடாவின் வடமேற்குப் பிரதேசத்திலிருந்து பிரிந்து உருவானது நுனாவுட். பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பில் பாதிக்கும் மேல். மக்கள்தொகை 2021 கணக்குப்படி சுமார் 37,000. பெரும்பாலானோர் ஆர்க்டிக்கின் பழங்குடிகளான இனுயிட் மக்கள். 25 ஊர்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே நெடுஞ்சாலை இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் தனி டீசல் மின் நிலையம். அந்த டீசலும், வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெயும், சிமெண்டும், கட்டடத்துக்குச் சூடு தரும் பாய்லரும், ஆணியும் கடல் உருகியிருக்கும் கோடையில் மட்டும் கப்பலில் வரும். இந்தக் கப்பல் சரக்கை அங்கே ‘சீலிஃப்ட்’ என்பார்கள். ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் வந்தால் உண்டு. விட்டுப்போனதை விமானத்தில் கொண்டுவரலாம், செலவைத் தாங்க முடிந்தால். இல்லையென்றால் அடுத்த கோடை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 இலையுதிர் காலத்தில் பனிக்கட்டி வழியை அடைத்ததால் பாலாட்டுக், குக்லுக்டுக், கேம்பிரிட்ஜ் பே ஆகிய மூன்று ஊர்களுக்குப் போகவேண்டிய சரக்குப் படகுகள் ரத்தாகின. அலாஸ்காவில் நோம் நகருக்கு 2011 நவம்பரில் புயலால் எரிபொருள் வராமல் போக, 2012 ஜனவரியில் ‘ரெண்டா’ என்ற ரஷ்ய எண்ணெய்க் கப்பலுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ‘ஹீலி’ பனியுடைக் கப்பல் வழி திறந்துகொடுத்தது. சுமார் 49 லட்சம் லிட்டர் எரிபொருள், உறைந்த கடலின் மேல் குழாய் போட்டு இறக்கப்பட்டது.

ஆகவே இந்த வேலைக்கு வருகிற இளம் பொறியாளர் முதலில் கற்றுக்கொள்வது ஒரு நாட்காட்டியை. குளிர்காலத்துக்குள் வரைபடம் முடிய வேண்டும். வசந்தத்துக்குள் சாமான்கள் ஆர்டர் போக வேண்டும். கப்பல் வந்ததும் கட்டடத்தின் வெளிக்கூட்டை எழுப்பி, குளிர் இறுகுவதற்குள் மூட வேண்டும். உள்வேலை முழுவதும் இருட்டு மாதங்களில். பட்டியலில் குழாய்களை இணைக்கும் ஒரு ஃபிளாஞ்ச் விட்டுப்போனால், டொரோண்டோவில் அது அரை மணி நேரச் சமாச்சாரம். நுனாவுட்டின் கிரைஸ் ஃபியோர்டில் அது ஒரு திட்டத்தையே நிறுத்தும். கிரைஸ் ஃபியோர்டின் இனுயிட் பெயர் ஆவ்சுயிட்டுக். ‘ஒருபோதும் உருகாத இடம்’ என்று பொருள். 1953-இல் கனடா அரசு வட கியூபெக்கின் இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி அங்கேயும் ரெசல்யூட்டிலும் இறக்கியது. அதற்காக அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல்தான். வடக்கில் ஒரு கட்டடம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்ற கேள்விக்குப் பின்னால் இப்படி ஒரு கதை பல சமயம் இருக்கும். அது தெரியாமல் அங்கே போய் வரைபடம் விரிப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

சரி, குளிர். டொரோண்டோவில் வாழும் தமிழர்களுக்கு மைனஸ் 20 பழக்கம்தான். ஆனால் கட்டடத்தின் வெப்பத் தேவை குளிரின் உச்சத்தை மட்டும் பொறுத்ததில்லை. குளிர் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதையும் பொறுத்தது. அதைக் கூட்டிக் கணக்கிடும் அளவுக்கு ‘டிகிரி நாள்’ என்று பெயர். டொரோண்டோவுக்கு அது ஆண்டுக்கு 4,000-க்குள் வரும். நுனாவுட் தலைநகர் இக்காலுயிட்டுக்கு ஏறத்தாழ 10,000. அங்கே ஜூலையிலும் பாய்லர் ஓடும்.

பாய்லர் ஒன்று போதும் என்று கணக்கு சொன்னாலும் வடக்கில் இரண்டு வைப்பார்கள். தேவையில் பாதிக்குச் சற்று மேல் தாங்கும்படி ஒவ்வொன்றும் இருக்கும். ஒன்று செத்தாலும் மற்றது கட்டடத்தை வசதியாக வைக்காது, ஆனால் உறையவிடாது. குழாய்களில் ஓடுவது வெறும் தண்ணீர் இல்லை, உறையாமல் காக்கும் புரொப்பிலீன் கிளைகால் என்ற திரவம் பாதிக்குப் பாதி கலந்த நீர். அது மைனஸ் 33 வாக்கில்தான் கெட்டியாகத் தொடங்கும். அதற்குக் கீழே போனாலும் கூழாகுமே தவிரக் குழாயை உடனே பிளக்காது. இதற்கு ஒரு விலை உண்டு. கிளைகால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும், பிசுபிசுப்பும் அதிகம். பம்பைப் பெரிதாக்க வேண்டும், ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும். தெற்கிலிருந்து வரும் ஆட்கள் தண்ணீருக்குப் போட்ட கணக்கை அப்படியே தூக்கிவந்து இங்கே தடுக்கி விழுவது உண்டு.

வெப்பத்தைவிடக் காற்றுதான் கடினம். மைனஸ் 40-இல் ஒரு கன மீட்டர் காற்றில் 0.12 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம் வரை இருக்கலாம். அதாவது வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. தொண்டை வறளும், மூக்கில் ரத்தம் வரும். ஆனால் காற்றை இழுக்காமல் விட்டால் நிலைமை தலைகீழ். வீடுகள் பற்றாக்குறை, ஒரு சிறிய வீட்டில் ஆறேழு பேர். கெட்டில் எப்போதும் கொதிக்கும், அடுப்பில் கரிபூ மான் இறைச்சி வேகும், ஈரத் துணி உள்ளேயே காயும். அந்த ஈரம் சுவரின் இடுக்குகளுக்குள் புகுந்து அங்கே பனியாகப் படியும். வசந்தத்தில் உருகிக் கூரையிலிருந்து சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிடுவார்கள். கூரையில் ஓட்டையே இருக்காது.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒட்டாவாவின் குழந்தைகள் நுரையீரல் மருத்துவர் தாமஸ் கோவேசியும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நுனாவுட்டில் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் காற்றை அளந்தது. வீட்டுக்குச் சராசரியாக ஆறு பேர். கரியமில வாயு சராசரியாக 1,358 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் அத்தனை பங்கு. 1,000-ஐத் தாண்டினாலே காற்றோட்டம் போதாது என்று பொதுவாகக் கொள்வார்கள். அந்த வாயு கூடக்கூட, ஆட்கள் கூடக்கூட, குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளித் தொற்று வந்த வாய்ப்பும் கூடியிருந்தது. பின்னர் சில வீடுகளில் வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவியைப் பொருத்திப் பார்த்தபோது, குழந்தைகளின் மூச்சிரைப்பு குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். டக்ட் போடுகிற வேலைதானே என்று சொல்வோருக்கு இந்த ஆய்வைத்தான் காட்டத் தோன்றுகிறது.

அந்தக் கருவி செய்வது எளிது: வெளியே தள்ளும் அழுக்குக் காற்றின் சூட்டை, உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுக்கும். இரண்டு காற்றும் கலக்காமல் மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஓடும். மைனஸ் 40-இல் என்ன ஆகும்? வெளியேறும் காற்றில் உள்ள ஈரம் தகட்டில் பனியாகி வழியை அடைக்கும். உடனே கருவி புதுக்காற்றை நிறுத்திவிட்டு வீட்டுக் காற்றையே சுற்றவிட்டு அந்தப் பனியை உருக்கும். தெற்கில் இது எப்போதாவது நடக்கும். வடக்கில் உச்சக் குளிரில் கருவி பனியை உருக்குவதிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும்; கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும் அந்த நாட்களில்தான் புதுக்காற்று மிக அவசியம். காற்றை முன்கூட்டியே சூடாக்கலாம், எண்ணெய்ச் செலவு. இரண்டு வெப்பக் கட்டைகளை மாற்றிமாற்றி இயக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. எதுவானாலும் சத்தம் போட்டால், முகத்தில் குளிர்காற்று அடித்தால், வீட்டில் இருப்பவர் சுவிட்சை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. குறை வடிவமைப்பில்.

புதுக்காற்று நுழையும் வாயிலும் தனிக் கவனம் கேட்கும். புயலில் பறக்கும் வடக்குப் பனி நாம் படத்தில் பார்க்கும் பஞ்சு மாதிரி இருக்காது. கோலமாவு போல நுண்ணியது. எந்தக் கம்பிவலையையும் தாண்டும். ஃபில்டரில் அப்பிக்கொண்டு, உருகி, நனைத்து, மறுபடி உறைந்து அடைத்துவிடும். அதனால் வாயிலைப் பெரிதாக்கி, கீழ்நோக்கித் திறப்பு வைத்து, காற்று மிக மெதுவாக ஏறும்படி செய்வார்கள். பனித்தூள் தன் கனத்தில் கீழே விழுந்துவிடும். எந்தச் சுவரில் வைப்பது? காற்று மோதும் சுவரிலும் கூடாது, அதன் பின்புறச் சுவரிலும் கூடாது; பின்புறத்தில்தான் பனி மேடாகக் குவியும். காற்று உரசிக்கொண்டு ஓடும் பக்கவாட்டுச் சுவரே நல்லது. எது அந்தச் சுவர் என்பதை வானிலை நிலையத்தின் படத்தைவிட அந்த ஊர்க்காரர் ஒருவர் துல்லியமாகச் சொல்வார்.

இனுயிட் மக்கள் இதையெல்லாம் பொறியியல் கல்லூரிக்குப் போகாமலே அறிந்திருந்தார்கள். பனிக்கட்டி வீடான இக்ளூவின் நுழைவழி, படுக்கும் மேடையைவிடத் தாழ்வாக இருக்கும். கனமான குளிர்காற்று அந்தப் பள்ளத்தில் தேங்கும். சூடான காற்று மேடையில் நிற்கும். குல்லிக் என்ற கல்விளக்கில் கடல்நாய்க் கொழுப்பு எரியும். உச்சியில் ஒரு சிறு துளை. அதன் பெயர் ‘கிங்காக்’, அதாவது மூக்கு. வீடு மூச்சுவிட வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இன்றைய பாய்லர் அறைக்குள் எரிப்புக்கான காற்றைக் கொண்டுவரும் குழாயின் கீழ்முனையைத் தரைக்கருகே ஒரு வாளிக்குள் இறக்கி வைப்பது கனடாவில் பழைய உத்தி. குளிர்காற்று வாளியில் தேங்கி நிற்கும். பர்னர் இழுக்கும்போது மட்டும் உள்ளே வரும். இக்ளூவின் வாசலும் இந்த வாளியும் ஒரே இயற்பியல்.

ஆனால் 1950களில் அரசு இந்த மக்களை முகாம்களிலிருந்து நிலையான ஊர்களுக்குக் கொண்டுவந்தபோது, வந்தவை தெற்கின் வீடுகள்; சிறிய பலகைப் பெட்டிகள், ‘தீப்பெட்டி வீடு’ என்றே பெயர். அதே பத்தாண்டில் மெக்கன்சி நதியின் கழிமுகத்தில் இனுவிக் நகரைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். தண்ணீர், கழிவுநீர், வெந்நீர்க் குழாய்களை ஒரே காப்பிட்ட பெட்டிக்குள் வைத்து, தரைக்கு மேலே தூண்களில் ஊர் முழுக்க ஓடவிட்டார்கள். ‘யுடிலிடோர்’ என்று பெயர். பொறியியலாகப் பார்த்தால் அருமையான தீர்வு. ஆனால் அந்தப் பெட்டி முதலில் போய்ச் சேர்ந்தது அரசுக் கட்டடங்களுக்கும் அரசு ஊழியர் வீடுகளுக்கும்தான். மேற்குப் பக்கத்தில் குடியிருந்த பழங்குடி மக்களுக்கு வாளிக் கழிப்பறை. குழாய் எந்தத் தெருவில் முடிகிறது என்ற முடிவைப் பொறியாளர் தனியாக எடுப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுப்பது அவர் கைதான்.

தரையைத் தோண்டிக் குழாய் புதைப்பது ஏன் கடினம் என்றால், கீழே இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்த மண். அதில் பனிக்கட்டி கலந்திருக்கும். சூடு பட்டால் உருகிச் சேறாகும், கட்டடம் சாயும். அதனால் வீடுகள் தூண்களின் மேல், அடியில் குளிர்காற்று ஓடும்படி நிற்கும். பெரிய கட்டடத்தின் தளம் தரையிலேயே உட்கார வேண்டுமானால், அடியில் தெர்மோசைஃபன் போடுவார்கள். மூடிய குழாய், உள்ளே கரியமில வாயு அழுத்தத்தில் அடைத்திருக்கும். மண்ணின் சூட்டில் அது ஆவியாகி மேலே ஏறும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலையில் குளிர்ந்து திரவமாகிக் கீழே வடியும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. 1977-இல் முடிந்த அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப் பாதையின் தூண்களில் இதே தத்துவத்தில் 1,20,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் அம்மோனியாவுடன் நிற்கின்றன. ஒரே நிபந்தனை: வெளியே மண்ணைவிடக் குளிராக இருக்க வேண்டும். 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகி வருகிறது. நாற்பது ஆண்டு நிற்க வேண்டிய கட்டடத்துக்கு எந்த ஆண்டின் குளிரை வைத்துக் கணக்குப் போடுவது என்பது இப்போது உண்மையான தலைவலி.

தண்ணீரும் தலைவலிதான். இக்காலுயிட் போன்ற சில ஊர்களில் பாதிக்குக் குழாய் உண்டு. சூடேற்றிய நீரை நிற்கவிடாமல் சுற்ற வைப்பார்கள். பெரும்பாலான ஊர்களில் லாரிதான். ஒரு லாரி தண்ணீர் கொண்டுவரும், இன்னொன்று கழிவுநீரை உறிஞ்சிப்போகும். வீட்டுக்குள்ளேயே இரண்டு டேங்க். கழிவு டேங்க் தண்ணீர் டேங்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அது நிரம்பினால் தண்ணீர் பம்ப் தானாக நிற்க வேண்டும். புயலில் லாரி இரண்டு நாள் வராவிட்டால் பள்ளிக்கு விடுமுறை. தெருவில் தீயணைப்புக் குழாய் இல்லாத ஊரில், பள்ளிக்கூடம் தன் தீயணைப்புத் தண்ணீரையும் தன் வயிற்றிலேயே சுமக்கிறது.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: எண்ணெயை விட்டுவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் வைக்கலாமே? கணக்கைப் பார்ப்போம். டீசல் ஜெனரேட்டர் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தை மின்சாரமாக்கும். நல்ல பாய்லர் 85 சதவீதத்தை நேரே வெப்பமாக்கும். ஆகவே ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு சுமார் இரண்டரைப் பங்கு வெப்பம் தந்தால்தான் டீசல் மிச்சம். கடுங்குளிரில் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்ப் அதன் அருகில்கூட வராது. அதே ஜெனரேட்டர் வீணாக்கும் மிச்ச வெப்பத்தைப் பக்கத்துக் கட்டடங்களுக்குக் குழாயில் அனுப்புவது, கேட்க அவ்வளவு நவீனமாக இல்லாவிட்டாலும், உடனே பலன் தருவது; நுனாவுட்டின் மின் நிறுவனம் சில ஊர்களில் அதைச் செய்கிறது. கனடாவின் யூகான் பிரதேசத்தில் ஓல்ட் க்ரோ என்ற, விமானத்தில் மட்டும் போகக்கூடிய ஊரில், வுன்டுட் க்விச்சின் பழங்குடி மக்கள் 2021-இல் 940 கிலோவாட் சூரிய மின் நிலையத்தை இயக்கத் தொடங்கினார்கள். கோடையில் டீசல் என்ஜினை நிறுத்திவைக்க முடிகிறது. இருட்டான ஜனவரிக்கு அது உதவாது. எனக்கு இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் எது நிற்கும் என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களின் அலுவலகம் யெல்லோநைஃபிலோ, வைட்ஹார்ஸிலோ, இக்காலுயிட்டிலோ, அல்லது தெற்கே எட்மண்டனிலோ ஒட்டாவாவிலோ இருக்கும். வடமேற்குப் பிரதேசத்துக்கும் நுனாவுட்டுக்கும் ஒரே பொறியாளர் சங்கம், ஒரே உரிமம். முதல் சில ஆண்டுகள் குழாய் அளவும் வெப்ப இழப்பும் கணக்கிடுவதில் போகும். அப்புறம் சிறு விமானத்தில் ஊர் ஊராகப் போவது. மூடுபனியால் விமானம் வராமல் மூன்று நாள் மாட்டிக்கொள்வது. அந்த மூன்று நாளும் வீணாவதில்லை. ஊரின் பராமரிப்பு ஆளோடு பாய்லர் அறையில் உட்காரக் கிடைக்கும் நேரம் அதுதான்.

அந்தப் பராமரிப்பு ஆள்தான் இந்தத் தொழிலின் மையம் என்று நினைக்கிறேன். ஒரே ஆள் பள்ளி, அலுவலகம், தீயணைப்பு நிலையம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். நுனாவுட்டின் ராங்கின் இன்லெட்டில் 2010-இல் திறந்த தொழிற்பயிற்சி மையத்தில் எண்ணெய் பர்னர், குழாய், வீட்டுப் பராமரிப்பு வேலைகளை உள்ளூர் இளைஞர்கள் படிக்கிறார்கள். ஆனாலும் ஆட்கள் போதவில்லை. அப்படியிருக்க, நூறு சென்சாரும் கம்ப்யூட்டர் திரையும் கொண்ட கட்டுப்பாட்டு அமைப்பை வைத்துவிட்டு, பழுதானால் எட்மண்டனிலிருந்து ஆள் வருவார் என்று எழுதிக் கொடுப்பது பொறுப்பான பொறியியல் ஆகாது. ஊரில் ஏற்கெனவே உள்ள பர்னர் மாடலையே புதுக் கட்டடத்துக்கும் போட்டால், அவசரத்துக்கு ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். பம்பைக் கூரைக்கு அருகில் தொங்கவிடாமல் நின்றுகொண்டு கை எட்டும் உயரத்தில் வைத்தால், கையுறையோடு கழற்றலாம். வால்வின் மேல் இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியிலும் பெயர்ப் பலகை மாட்டலாம். இவை எதுவும் விருது வாங்கித் தராது.

அனுபவமுள்ள பொறியாளர் தான் வடிவமைத்த கட்டடத்துக்கு அடுத்த ஜனவரியில் திரும்பிப் போக வழி பார்ப்பார். ஒப்பந்தத்தில் அதற்குப் பணம் ஒதுக்காமல் விட்டிருந்தாலும் கேட்டு வாங்கிப் போக வேண்டும். அங்கே காற்று வாயிலில் யாரோ ஒரு பிளைவுட் துண்டை அறைந்து பாதியை மூடியிருக்கலாம். பார்த்ததும் கோபம் வரும். பராமரிப்பு ஆளிடம் கேட்டால், எந்தப் புயலில், எந்தத் திசைக் காற்றில் உள்ளே பனி வந்தது, எத்தனை முறை நள்ளிரவில் எழுந்து வந்து ஃபில்டரை மாற்றினார் என்று சொல்வார். அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை, அந்தப் பிளைவுட்டின் அளவை எடுத்துக்கொண்டு வந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.